அத்தியாயம் 5: மலையில் நாய்க் காப்பகம் – தங்கவைப்பதும் வீடு சேர்ப்பதும்

காப்பகத்துக்கு இடம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாய் வைக்கலாம்?" என்றுதான். நான் வேறு கணக்கைப் போடச் சொல்வேன். மாதத்துக்கு எத்தனை நாய்களுக்கு உங்களால் வீடு பார்த்துக் கொடுக்க முடியும்? மாதம் மூன்று என்றால், பன்னிரண்டு கூண்டு இருக்கும் இடத்தில் ஒரு நாய் சராசரியாக நான்கு மாதம் தங்கும். கூண்டை இருபத்து நான்காக்கினால் அதே நாய் எட்டு மாதம் கிடக்கும். கூண்டு கூடினால் நன்மை கூடும் என்பது தப்புக் கணக்கு. காப்பகம் ஒரு சத்திரம். வழிப்போக்கன் கிளம்பினால்தான் அடுத்தவனுக்குத் திண்ணை.

நீலகிரியில் இதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. காப்பகம் ஒன்று இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்த மறுவாரமே கேட்டில் அட்டைப்பெட்டி வரும், உள்ளே ஐந்தாறு குட்டிகள். பெரும்பாலும் பெட்டை. கடுவன் குட்டிகளைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயனிலேயே யாராவது எடுத்துக்கொண்டிருப்பார்கள். சீசன் முடிந்ததும் இன்னொரு வகை வரும். இந்தக் குளிருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று ஆசையாக வாங்கிய ஹஸ்கியும் லாப்ரடாரும், பங்களாவைப் பூட்டிவிட்டு ஆட்கள் கீழே இறங்கியதும் அநாதையாகிவிடும். ஒவ்வொரு மே மாதமும் ஊட்டியில் தென்னிந்திய கென்னல் கிளப்பின் கண்காட்சி நடக்கிறது. அங்கே வரும் நாய்களின் உடல்வாகைப் பார்த்து மயங்குகிறவர்கள், அந்த உடம்புக்குப் பின்னால் இருக்கும் தினசரி வேலையைப் பார்ப்பதில்லை.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன்படி வளர்த்த பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு பாக்கெட் வர்க்கியின் விலைகூட இல்லை. அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்டிப் பயனில்லை. கேட்டில் பெட்டியோடு நிற்கிறவரிடம் பேசுங்கள். "தாய் எங்கே இருக்கு? அதை எங்களுக்குக் காட்டுங்க, கருத்தடை பண்ணிக் கொடுத்துடுறோம். குட்டிகளை எட்டு வாரம் வரை நீங்களே வெச்சிருங்க, அப்புறம் வீடு பார்க்கிறது எங்க பொறுப்பு." தாயின் காப்பும் குட்டிகளுக்குக் கிடைக்கிறது, உங்கள் கூண்டும் காலியாகவே இருக்கிறது, அடுத்த ஈற்றும் தவிர்ந்துபோகிறது. தீவனத்துக்குக் கொஞ்சம் அரிசியும் கொடுத்தனுப்பினால் மாட்டேன் என்று சொல்கிறவர்கள் குறைவு.

தெருவில் நலமாக வாழும் நாயைக் காப்பகத்துக்குள் கொண்டுவராதீர்கள். 2023 மார்ச்சில் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அது உள்ளாட்சியின் கடமை. ஆனால் 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த நாய்களை நகராட்சி உங்கள் தலையில் கட்டப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் தீவனச் செலவு யாருடையது, மருத்துவர் யார், எத்தனை நாய் வரை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இடமும் கூண்டும்

இந்த மலையில் முன்னோடிகள் இருக்கிறார்கள். மசினகுடிக்குப் பக்கத்தில் மாவனல்லாவில் ஐபேன் அமைப்பு கழுதை, குதிரை, மாடு, நாய் எல்லாவற்றுக்கும் அடைக்கலம் கொடுத்துவந்திருக்கிறது. வேர்ல்டுவைடு வெட்டரினரி சர்வீஸ் நீலகிரியில் நடத்தும் பயிற்சி மையத்துக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை பழக வெளியூர்க் கால்நடை மருத்துவர்கள் வருகிறார்கள். ஒரு செங்கல் வைப்பதற்கு முன் இப்படிப்பட்ட இடங்களில் சில நாள் கூண்டு கழுவிவிட்டு வாருங்கள். புத்தகம் சொல்லாததை அந்தத் தண்ணீர்க் குழாய் சொல்லும்.

மலைப்பகுதிக் கட்டடங்களுக்குத் தனி விதிகள் உண்டு. நிலம் பட்டாவாக இருந்தாலும் ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். லயன் வீடுகளுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் எட்ட இருங்கள். காப்பகங்களுக்குப் பணத்தட்டுப்பாட்டைவிடப் பெரிய எதிரி, ராத்திரிக் குரைப்பைக் கேட்டுத் தூங்காத பக்கத்து வீட்டுக்காரர்.

சமவெளிக் காப்பகத்தின் வரைபடம் இங்கே உதவாது. கோவையிலும் சென்னையிலும் நிழல்தான் கவலை. இங்கே கவலை ஈரம். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் மேற்கிலிருந்து அடிக்கும். கூண்டின் முதுகு மேற்கே இருக்கட்டும், முகப்பு கிழக்கே பார்த்துக் காலை வெயிலை வாங்கட்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலமானது, அது கிழக்கிலிருந்து வரும். அங்கேயும் காலை வெயில் வேண்டும் என்பதால் முகப்பைத் திருப்ப வேண்டாம், கூரையை மூன்றடி வெளியே நீட்டிவிடுங்கள். தரை சிமென்ட், வாய்க்காலை நோக்கிச் சரிவு. நாய் சிமென்டில் படுக்கக் கூடாது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சில்வர் ஓக் பலகையில் ஒரு மேடை போதும், ஆசாரி அரை நாளில் அடித்துத் தருவார். மேடையின் மூன்று பக்கமும் பலகை அடைத்து, மேலே மூடி, முன்புறம் சாக்குத்திரை தொங்கவிட்டால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நாயின் உடம்புச் சூடே அதைக் காப்பாற்றும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஊட்டியின் பள்ளங்களில் புல் வெள்ளையாக விறைத்துக் கிடக்கும். கன்னி, சிப்பிப்பாறை போன்ற மெல்லிய தோல் நாய்கள் அந்த ராத்திரிகளை வெறும் கூரைக்கடியில் தாங்காது.

கம்பளி நிறையவே கிடைக்கும். லாட்ஜ்களில் கிழிந்ததைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஜூலையில் அதை எங்கே காயப்போடுவது என்பதுதான் பிரச்சினை. சமையல் அடுப்புக்கு மேலே கொடி கட்டுங்கள். அதற்காகவே சமையலறையைக் கொஞ்சம் உயரமாகக் கட்டலாம். ஈரக் கம்பளியில் படுப்பதைவிடக் காய்ந்த வைக்கோலில் படுப்பது மேல். வாரத்துக்கு இரண்டு தடவை வைக்கோலை மாற்றி, பழையதை எருக்குழியில் தள்ளுங்கள்.

அடுத்தது சிறுத்தை. நீலகிரியில் நாய் வைத்திருப்பவர் எல்லோருக்கும் சொல்ல ஒரு சிறுத்தைக் கதை இருக்கும். 2023 தீபாவளியன்று குன்னூர் புரூக்லண்ட்ஸ் பகுதியில் நாயைத் துரத்திவந்த சிறுத்தை ஒரு வீட்டுக்குள் புகுந்து, மீட்க வந்தவர்கள் உட்படப் பலரைக் காயப்படுத்தியது. ஆறடிக் கம்பிவேலி அதற்கு ஒரு தாண்டல். ஆகவே நாய் ராத்திரி தங்கும் கூண்டுக்கு நான்கு பக்கமும் வெல்டட் மெஷ், மேலேயும் மெஷ், கதவுக்கு உள்ளும் புறமும் தாழ்ப்பாள். ஓடியாடும் மைதானம் திறந்தவெளியாக இருக்கலாம், ஆனால் மாலை ஐந்தரைக்கு மேல் அங்கே ஒரு நாயும் இருக்கக் கூடாது. மீந்த சோற்றையும் கோழிக்கழிவையும் ராத்திரி வெளியே வைக்காதீர்கள், கரடி வரும். வேலிக்கு வெளியே காட்டெருமை மேய்ந்தால் நாய்களைக் கூண்டில் அடைத்துவிட்டு, அது போகும்வரை பேசாமல் இருங்கள்.

முதல் பதினான்கு நாள்

புதிதாக வரும் நாயை மற்றவற்றோடு விடுவது, சிறிய காப்பகங்களை ஒரே வாரத்தில் காலி செய்யும் காரியம். பிரதான வரிசையிலிருந்து தள்ளி, தனி வாய்க்கால், தனி வாளி, தனித் துடைப்பத்தோடு இரண்டு கூண்டு கட்டுங்கள். புதிதாக வந்தவை அங்கே குறைந்தது பதினான்கு நாள் இருக்க வேண்டும். ஆரோக்கியமான நாய்களின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே போக வேண்டும். ரப்பர் பூட்ஸை அங்கேயே கழற்றிவைத்துவிட்டு வர வேண்டும்.

குட்டிகளுக்கு எமன் பார்வோ. ரத்தக் கழிச்சல், வாந்தி, இரண்டு நாளில் சாவு. அதன் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். பினாயில் வாசனைதான் கொடுக்கும், பார்வோவைக் கொல்லாது. மலமும் சேறும் போகச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிளீச்சிங் கரைசலைப் பத்து நிமிடம் தேங்கவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச்சிங்கும் வீண். குட்டிகளுக்கு ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கொன்றாகப் பதினாறு வாரம் வரை. அது முடியும்வரை பொது மைதானத்தின் மண்ணை அவை மிதிக்கக் கூடாது.

கைவிடப்பட்ட குட்டி விறைத்த நிலையில் வந்தால் எல்லோரும் முதலில் பால் கொடுப்பார்கள். கொடுக்காதீர்கள். உடம்பு சில்லிட்ட குட்டிக்குச் செரிமானம் நின்றுபோயிருக்கும். துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து மெல்லச் சூடாக்குங்கள், பிறகு பால். முதல் வாரக் குட்டி படுக்குமிடம் 29 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும். ஊட்டியில் அது தானாக வராது, பல்பு வேண்டும். மின்சாரம் போகும் ராத்திரிக்கு வெந்நீர்ப் பாட்டில்.

தொடர்மழையில் எலிக்காய்ச்சலைக் கவனியுங்கள். நாய்க்கு வரும், நாயின் மூத்திரத்திலிருந்து வேலையாளுக்கும் வரும். வெறுங்காலோடு கூண்டு கழுவ யாரையும் அனுமதிக்காதீர்கள். தேய்ந்த ரப்பர் செருப்பும் வெறுங்கால் கணக்குத்தான்.

வெறிநோய் தனி விஷயம். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் பிறந்ததே இந்த நோயால்தான். 1902-இல் வெறிநாய்க்கடிக்கு ஆளான ஓர் இளம்பெண், சிகிச்சை எட்டாத் தொலைவில் இருந்ததால் இறந்துபோனார். அந்தச் சாவுக்குப் பிறகுதான் தென்னிந்தியாவுக்கென்று ஒரு நிறுவனம் வேண்டும் என்ற பேச்சு எழுந்து, அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடையில் குன்னூரில் எழும்பியது. இன்றைக்கும் தடுப்பூசி தயாராகும் ஊர் அது. அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தடுப்பூசி போடாத ஆட்களை வைத்து நாய்க் காப்பகம் நடத்துவது அசட்டுத்தனம். வேலைக்குச் சேரும் முன்பே ஒவ்வொருவருக்கும் முன்தடுப்பூசி. கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனை. மஞ்சள் இல்லை, சுண்ணாம்பு இல்லை.

பதினான்கு நாள் தாண்டினால் வெறிநோய் பயமில்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தத் தனிமை பார்வோவுக்கும் டிஸ்டம்பர் என்ற மற்றொரு தொற்றுநோய்க்கும்தான். வெறிநோய் உடம்பில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். பத்து நாள் கணக்கு வேறு: கடித்த நாயைப் பத்து நாள் தனியே வைத்துப் பார்ப்பது. அது நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். அதற்காகக் கடிபட்டவர் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2013-இல் தொடங்கிய மிஷன் ரேபிஸ் இயக்கம் தெருத்தெருவாக வலையோடு போவது இதற்காகத்தான். உங்கள் காப்பகத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வருடத்துக்கொரு தடுப்பூசி முகாம் போடுங்கள், டிஸ்டம்பருக்கும் சேர்த்து. முதுமலைச் செந்நாய்க் கூட்டங்களுக்கும் நம் நாய்களிடமிருந்து டிஸ்டம்பர் தொற்றும், அவற்றுக்கு ஊசி போட ஆளில்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குருணை அரிசி அல்லது ராகி, கோழிக்கடையில் வாங்கும் தலை, கழுத்து, ஈரல், ஒரு பிடி பூசணி. குளிர்காலத்தில் கொழுப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். வேகவைத்த எலும்பை எடுத்துவிடுங்கள், அது சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், பூண்டு, திராட்சை ஆகாது. பார்வையாளர்கள் அன்பாக நீட்டும் ஊட்டி சாக்லேட் நாய்க்கு நஞ்சு. கேட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதிப்போடுங்கள்.

வீடு பார்ப்பது

காப்பகத்தின் பாதி வேலை இதுதான். ஆனால் பெரும்பாலான காப்பகங்கள் இதற்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை மட்டும் ஒதுக்குகின்றன.

நாய் கேட்டு வருகிறவரிடம் ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்காதீர்கள். "நல்லா பாத்துக்குவீங்களா?" என்றால் மாட்டேன் என்று யார் சொல்வார்? நடப்பதைக் கேளுங்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்து லயனில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அக்கா, ராத்திரி நாய் எங்க படுக்கும்?"

"வாசல்லதான் தம்பி. திண்ணை இருக்குல்ல."

"இந்தப் பக்கம் சிறுத்தை வருதாக்கா?"

"வராம? பின்னாடி லயன்ல ரெண்டு நாயைத் தூக்கிட்டுப் போயிருச்சு."

"இதுக்கு முன்னாடி உங்க வீட்டுல நாய் இருந்துச்சா?"

"இருந்துச்சு தம்பி. அதான் இல்லாமப் போச்சுன்னு உங்ககிட்ட கேக்குறோம்."

இங்கே உடனே விண்ணப்பத்தை நிராகரிக்கிறவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை. அந்த அக்கா பொய் சொல்லவில்லை, நாய் மேல் ஆசையும் இருக்கிறது. சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மூலை ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் மரப்பெட்டியும் மெஷ் கதவும் வைத்து நீங்களே ஒரு ராத்திரிக்கூண்டு செய்து கொடுங்கள். ஒரு நாயைக் காப்பகத்தில் வைத்துச் சோறு போடும் செலவை நினைத்தால் அந்தக் கூண்டுக்கான செலவு பெரிதல்ல. மாறாக, குன்னூரில் பெரிய தோட்டத்தோடு பங்களா வைத்திருப்பவர், "வாட்ச்மேன் பாத்துப்பான், நாங்க மாசத்துக்கு ஒருமுறை வருவோம்" என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். வீட்டின் அளவு நாய்க்குத் தெரியாது, கூட இருக்கும் ஆள்தான் தெரியும்.

வீட்டை நேரில் போய்ப் பாருங்கள், நாயில்லாமல். பார்க்க வேண்டியவை: கேட்டின் கீழே இடைவெளி, பக்கத்தில் தேயிலைக்கு மருந்தடிக்கும் சரிவு, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்பது. மாமியாருக்கு நாய் பிடிக்காது என்றால் அந்த நாய் மூன்றாம் மாதம் திரும்பி வரும். தோட்டத்துக் குடியிருப்பென்றால் நிர்வாகம் நாய் வளர்க்க விடுகிறதா என்று ரைட்டரிடமே கேட்டுவிடுங்கள். ஓய்வுபெற்று லயனைக் காலி செய்யப்போகிறவர்களிடம் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று கேளுங்கள்.

வளர்ந்த நாயைக் கருத்தடை செய்யாமல் வெளியே அனுப்பாதீர்கள், அமைச்சர் வீட்டுக்கென்றாலும். குட்டியென்றால் முன்பணம் வாங்கிக்கொண்டு, ஆறாவது மாதம் கருத்தடைக்கு அழைத்துவரும்போது திருப்பிக் கொடுங்கள். இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும், பணம் வாங்குவது பாவம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. முன்பணம் கொடுத்தவர்கள் ஆறாவது மாதம் தவறாமல் வருகிறார்கள், அவ்வளவுதான்.

நாயைப் பற்றிய உண்மையைச் சொல்லுங்கள். ஆண்களைக் கண்டால் உறுமும், கோழியைத் துரத்தும், இடி இடித்தால் நடுங்கும். மறைத்துக் கொடுத்த நாய் திரும்பி வரும்போது கூடவே கெட்ட பேரையும் கொண்டுவரும். காப்பகத்தில் சாதுவாக மூலையில் கிடக்கும் நாய் வீட்டில் மாறலாம். முதல் சில நாள் சாப்பிடாமல் ஒடுங்கிக் கிடக்கும், சில வாரத்தில் தன் குணத்தைக் காட்டும், மூன்று மாதத்தில்தான் வீடு தன்னுடையது என்று நம்பும். இதை எழுதிக் கையில் கொடுங்கள். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் நீங்களே போன் செய்யுங்கள். மூன்றாம் வாரத்து அழைப்பில்தான் உண்மையான சிக்கல்கள் வெளியே வரும்.

ஊட்டிக்குச் சுற்றுலா வந்த இடத்தில் குட்டியைப் பார்த்து உருகி, அன்றைக்கே காரில் ஏற்றிப்போகத் துடிக்கிறவர்களை ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துக் கூப்பிடச் சொல்லுங்கள். கூப்பிடுகிறவர்கள் நல்ல வீட்டுக்காரர்கள். கோவை, திருப்பூர், பெங்களூருக்குப் போகும் நாய்களைக் கார்த்திகையிலிருந்து தை வரை அனுப்புங்கள். மலைக்குளிரில் அடர்ந்த ரோமம் வளர்த்த நாயைச் சித்திரை வெயிலில் மேட்டுப்பாளையத்தில் இறக்குவது கொடுமை. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும், நாலைந்து மணிநேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் எண்ணும் புது வீட்டின் எண்ணும் இருக்கட்டும்.

வீடே கிடைக்காதவை சில இருக்கும். கண் தெரியாதது, கிழடு, இரண்டாகவே வாழப் பழகியது. கூண்டுகளில் கால்வாசிக்கு மேல் அவை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிச்சம் நடமாட்டத்துக்கு. மீளாத வேதனையில் கிடக்கும் நாயைக் கால்நடை மருத்துவர் வலியில்லாமல் அனுப்புவதும் இந்த வேலையைச் சேர்ந்ததே. அந்த முடிவை ஒருவர் மட்டும் எடுக்காமல், மருத்துவரும் காப்பகத்தில் இருவருமாகப் பேசி, பதிவேட்டில் காரணத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

தத்துக் கொடுத்த நாய் திரும்பி வந்தால் கேட்டில் நிற்பவரைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை உங்களிடம் வர மாட்டார், இருட்டில் தேயிலைக்குள் விட்டுவிட்டுப் போவார். காரணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு நாயை வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கென்றே ஒரு கூண்டை எப்போதும் காலியாக வைத்திருங்கள். வேறு இடமில்லை என்று எத்தனை பேர் கெஞ்சினாலும், அந்தக் கூண்டின் சாவியை மட்டும் கொடுக்காதீர்கள்.